நூற்று நாற்பத்து மூன்றாம் பலகை

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.
பச்சை அடிப்பூச்சு, மஞ்சள் எழுத்து.
முதல் வரியில் தமிழ்ப் பெயர்.
இரண்டாவது இலத்தீன்;
அதை நான் எழுதுவதில்லை, வரைகிறேன்,
வாயில் நுழையாத ஒரு கோலத்தைப்
புள்ளி பிசகாமல் போடுவதுபோல.
மூன்றாம் வரியில் குடும்பம்.
மரத்துக்கும் ரேஷன் கார்டு உண்டுபோல
என்று முதல் நாள் சிரித்துக்கொண்டேன்.

ஜெமினி மேம்பாலத்திலிருந்து நடக்கிற தூரம்.
மதிலுக்கு வெளியே மெட்ரோவுக்காகப்
பூமியைத் துளைக்கிறார்கள்.
மதிலுக்கு உள்ளே, அரச மரத்து உச்சியில்,
டொக் டொக் டொக் என்று
குக்குறுவான் தன் வேலையைப் பார்க்கிறது.
பதினோரு மணிக்கு மேல்
யாருக்கு யார் தாளம் என்று
சொல்ல முடியாது.

மகிழம், புன்னை, நீர்மருது.
அடிமரத்திலேயே பூத்து
போகிறவர்களைச் செருப்பைக் கழற்ற வைக்கும் நாகலிங்கம்.
பகலெல்லாம் காதலர்களுக்கு முதுகு கொடுத்துவிட்டு
ஆறு மணிக்கு இலை மடிக்கும் தூங்குமூஞ்சி.

பறவைகளுக்குப் பலகை இல்லை.
டெண்டரில் அது வரவில்லை.
ஆனாலும்
வாதாம் இலையைச் சுருட்டித் தைத்துக்கொண்டிருந்த சிட்டு
என் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த மயிரொன்றை
அலகில் கவ்விப் போனதைப் பார்த்தேன்.
மூன்றாம் நம்பர் பிரஷ்.
கணக்கில் எழுதவில்லை.

நூற்று நாற்பத்திரண்டு நட்டாயிற்று.
கையில் ஒன்று மிச்சம்: கடம்பு.
தேசம்மாளைக் கேட்டேன்.
ஹோஸ் பைப்பைத் தோளில் சுற்றியபடியே சொன்னாள்:
"அது புயல்ல சாஞ்சிட்ச்சிம்மா.
மூணு நாளு அறுத்தாங்க.
லாரில ஏத்திக்கினு பூட்டாங்க.
லிஸ்ட்டுல மட்டும் இன்னும் நிக்குது."

அலுவலகத்தில் இன்பநாதன் சார்
பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார்.
பலகை நட்டால்தான் பில் பாஸாகும்.

நட்டேன்.
வெறும் மண்ணுக்கு முன்னால்,
கூட நிற்க ஒரு நிழலும் இல்லாமல்,
கடம்பு.

மறுநாளே ஒரு கரிச்சான் அதன்மேல் உட்கார்ந்தது.
'க'வுக்கு இன்னொரு கால் முளைத்ததுபோல்
பிளந்த வால் தொங்க,
பாய்ந்து, பூச்சியோடு திரும்பி, மறுபடி பாய்ந்து.
அப்புறம் மைனா வந்தது.
அப்புறம் காக்கையோ, காக்கை வளர்த்த குயிலோ,
யாரோ ஒருவர்
மூன்று வரிக்கும் கீழே வெள்ளையாக
நான்காம் வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்.

ஆடியில் டச்சப் செய்யப் போனபோது
பலகையின் காலடியில்
ரம்பப் பல் இலைகளோடு
சுண்டுவிரல் உயரத்தில் ஒரு வேம்பு.

"வேம்பு ஏற்கெனவே ஏழு இருக்கு,
எட்டாவதுக்கு லிஸ்ட்டில் எடமில்ல.
பிடுங்கச் சொல்லுங்க" என்றார் சார்.
போய்ச் சொன்னேன்.
"எத்த? பலகையையா?" என்றாள் தேசம்மாள்.
அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.
கேட்டுவிட்டு
பைப்பை அந்தப் பக்கம் திருப்பினாள்.

தை மாதம் கடைசித் தவணை வாங்கப் போன அன்று
ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்தது.
வரிசையிலிருந்து பிரிந்த ஒரு பெண்
எழுத்துக் கூட்டி வாசித்தாள்: க, ட, ம், பு.
முழங்கால் உயரச் செடியைக் குனிந்து பார்த்தாள்.
யாரும் பார்க்கவில்லை என்று
ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.
முகம் கோணியது. துப்பினாள்.
நோட்டை முட்டிமேல் வைத்து எழுதினாள்:
கடம்பு கசக்கும்.

டப்பாவின் அடியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தது.
பச்சையும் இருந்தது.
இரண்டே எழுத்து, ஐந்து நிமிட வேலை.
அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிட்டு என்ன சொல்வது?
அவள் நாக்கு சரி.
என் எழுத்தும், பட்டியல்படி, சரி.

வேலிக் கம்பியில்
வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு
தன் இடத்தை விட்டு
நான் எப்போது நகர்வேன் என்று
காத்திருந்தது கரிச்சான்.

நகர்ந்தேன்.