பன்னிரண்டு கிராம்

கழுவி முடித்த அன்று
கண்ணாடிக்கு முகம் இல்லை.
எட்டு மீட்டர் அகலத்துக்குப்
பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் வெறும் பாளம்.
அடியில் தாங்கும் நூற்றைம்பது கால்களும்
அப்பட்டமாகத் தெரிந்தன.
"பார்க்காதே" என்றான் நொல்பெர்த்தோ,
குளியலறைக் கதவை
யாரோ திறந்துவிட்ட மாதிரி.

பதினெட்டு மாதம் அதன்மேல் இருந்த அலுமினியம்
அமிலத்தில் கரைந்து குழாயில் இறங்கி
ஆறு நீலப் பீப்பாய்களாக என் லாரிக்கு வந்தது.
பீப்பாய்க்கு ஒரு மண்டையோடு ஒட்டினார்கள்.
கழிவு. அபாயம். சாய்க்காதே.
மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தோஃபகாஸ்தாவுக்கு நூற்றிருபது கிலோமீட்டர்.
இடப்பக்கம் கடல் இருக்கிறதாம், பனிமூட்டம்தான் தெரிந்தது.
வலப்பக்கம் எதுவும் இல்லை.
அந்த எதுவும் இல்லாததைத் தேடித்தான்
எங்கிருந்தோ வந்து மலையின் தலையைச் சீவினார்கள்.

ஓட்டும்போது கணக்குப் போடுவது
என் கெட்ட பழக்கம்.
சூரியன் பிறக்கும் முன்பே கிளம்பி
வழியில் ஒன்றின்மேலும் படாமல் வந்த வெளிச்சம்
முதன்முதலாகத் தொட்டது இதைத்தான்.
தொட்ட வேகத்தில் திரும்பியும் போயிற்று.
பிறகு பிளவு, பட்டகம், நிறமாலை,
உறைகுளிரில் அதை எண்ணும் சில்லு,
அதெல்லாம் படித்தவர்கள் பாடு.
தொட்ட இடம்
என் முதுகுக்குப் பின்னால் தளும்பிக்கொண்டு வந்தது.

லா நெக்ராவில் போலீஸ்காரர் கை காட்டினார்.
சட்டையில் இன்சுன்சா என்று இருந்தது.
"உள்ளே என்ன?"
"அலுமினியம்."
"எவ்வளவு?"
"பன்னிரண்டு கிராம்."
பீப்பாய்களை எண்ணினார்.
என்னைப் பார்த்தார்.
ஊதச் சொன்னார்.

ஊதினேன். பூஜ்யம்.
பையிலிருந்து நூறு பெசோ நாணயம் இரண்டு எடுத்து
உள்ளங்கையில் குலுக்கினார்:
"இதைவிடக் குறைவா?"
"குறைவு."
தடுப்பைத் தூக்கும்வரை குலுக்கிக்கொண்டே இருந்தார்.

ஆலையில் சுண்ணாம்பு கொட்டிக் கலக்கினார்கள்.
வெள்ளைச் சேறு. ரசீது.
எடைமேடை பீப்பாய்களின் எடையைத்தான் சொன்னது.

மறுநாள் இரவு மலையேறினேன்.
அங்கே முகப்பு விளக்குப் போடக் கூடாது,
சின்ன விளக்கில் வளைவு வளைவாக, முதல் கியரில்.
நொல்பெர்த்தோ வாசலிலேயே நின்றான்:
"பூசி முடிந்தது. வந்து முகம் பார்."

மேடையிலிருந்து குனிந்தேன்.
பெரிதாக, மிகப் பெரிதாக நான்.
கன்னத்தில் சுண்ணாம்புத் திட்டு ஒன்று
ஆலையிலிருந்தே கூட வந்திருக்கிறது.
அவன் சிரித்தான்.

கூடத்து டியூப்லைட்டில் கிளம்பி
என் கன்னத்துச் சுண்ணாம்பில் பட்டு
புது அலுமினியத்துக்குப் போய்ச் சேர்ந்தது
ஏதோ கொஞ்சம் வெளிச்சம்.
தூரம் ஐந்து மீட்டர் இருக்கலாம்.

துடைத்துக்கொண்டேன்.