இருபத்தெட்டாம் நாள்

முசஃபா, எம் முப்பத்தேழு.
நான்கு கட்டில், ஒரு ஏசி, ஒரு பழைய லேப்டாப்.
அடியில் ஈரத்துணி வைத்தால்தான்
அது விண்வெளியைத் தாங்கும்.

நானும் குகதாசனும்
பெயரில்லாத ஒரு நிலவில் இறங்கினோம்.
மூச்சுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.
மற்றவர்கள் பிளாட்டினம் தேடிப் போனார்கள்.
நாங்கள் துளைத்த இடத்தில்
கல்.
இன்னும் துளைத்தோம்,
இன்னும் கல்.

அங்கே கல்லென்றால் குப்பை.
கப்பலின் வயிறு நிறைந்ததும்
பின்வாசல் திறந்து கொட்டிவிடுவார்கள்.
விழுவதற்குக் கீழே என்று ஒன்று இல்லாத இடம்;
கொட்டிய கல் கூடவே மிதந்து வந்து
கொட்டியவன் கண்ணாடியைத் தட்டும்.

எனக்குக் கொட்ட மனம் வரவில்லை.
பகலில் நான் கான்கிரீட் பிளாண்ட்டில்,
பரிசோதனைக் கூடத்தில்.
சல்லடைகளை அடுக்கிக் குலுக்கி
இருபது மில்லி, பத்து மில்லி, தூசு என்று
எடை எழுதுகிறவன்.
கேட்டுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல்.
அதை மட்டும் நம்பிக் கலவை போட முடியாது.
காற்று உருட்டி உருட்டி
ஒன்றையொன்று பிடிக்க மறந்த மணல்.
நாங்கள் காசு கொடுப்பது
ஃபுஜைரா மலையை உடைத்து
இரவெல்லாம் டிரெய்லரில் வரும் கல்தூளுக்கு.
பாலைவனத்தில் மணலுக்கு ரசீது.
சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள்.

ஒரு விடுமுறை நாளில்
விளையாட்டின் உள்கோப்பைத் திறந்தேன்.
அடைப்புக்குறிகளின் காடு.
ஒரு கமா தவறினால் நிலவே திறக்காது.
கல் ஆயிரம் கிலோ:
இரும்பு முப்பது, சிலிக்கன் பதினைந்து,
நிக்கல் கண்ணில் ஒற்றிக்கொள்ள.
மிச்சம் ஜல்லி.
அந்த மிச்சத்தைத்தான் கேட்க ஆளில்லை.
ஜல்லி, சுட்ட கல்தூள்,
பனிக்கட்டி உருக்கிய நீர்,
மூன்றும் சேர்ந்தால் ஒரு பாளம் என்று
புது வரி எழுதினேன்.

"எவ்வளவு நேரத்தில வருமடா?" என்றான் குகதாசன்.
நாலு நொடி என்று போட்டிருந்தேன்.
அவன் கேட்டதும் கூச்சமாக இருந்தது.
ஏழு நாள் கியூப், இருபத்தெட்டு நாள் கியூப் என்று
தேதி எழுதித் தொட்டியில் ஊறவைக்கிற கை
நாலு நொடிக் கான்கிரீட்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடும்?
அழித்துவிட்டு
இருபத்தெட்டு நாள் என்று எழுதினேன்.
"உனக்கு விசரோ? விளையாட்டிலயும் கியூரிங்கோ?"
ஆனாலும்
ஷிஃப்ட் முடிந்து குளிக்கப் போகுமுன்
தினமும் அவன்தான்
சுவருக்குத் தண்ணீர் காட்டினான்.

அவன் அட்டையில் தொழில்: உதவியாளர்.
வெல்டிங் தெரியும், பம்ப் குழாய் ஏற்றத் தெரியும்,
கத்துகிற ஃபோர்மேனை ஹிந்தியில் அமர்த்தத் தெரியும்.
அட்டைக்கு இது எதுவும் தெரியாது.

பதினெட்டாம் நாள் அவனை ருவைஸுக்கு மாற்றினார்கள்.
பஸ் விடிகாலை நாலரைக்கு.
அந்த கேம்ப்பில் நெட் எடுக்காது என்று கேள்வி.
பெட்டி கட்டுமுன் நிலவுக்குப் போய்
சுவரின் மூலையில், சிவப்பில்,
வார்த்த தேதியும் தன் முதலெழுத்தும் எழுதினான்.
கியூபில் நான் எழுதுகிற மாதிரியே,
கொஞ்சம் சாய்த்து.

இருபத்தெட்டாம் நாள் தனியாகப் போனேன்.
கல் விலைக்குக் கிடைக்குமா என்று
இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.
பதில் சொல்லவில்லை.
உடைத்துப் பார்க்காத கியூபுக்கு எண் கிடையாது,
எங்கள் தொழில் அப்படி.
கப்பலைப் பின்னுக்கு எடுத்தேன், ஒரு கிலோமீட்டர்.
தேதி தெரியட்டும் என்று விளக்கை அணைக்கவில்லை.
முழு வேகம்.

மூக்கு நசுங்கியது.
இடப்பக்க எஞ்சின் கழன்று
தன்பாட்டுக்கு உருண்டு போனது.
சுவரில் சிவப்பு கொஞ்சம் உதிர்ந்திருந்தது.
அவ்வளவுதான்.

மூச்சு இரண்டு நிமிடம் மிச்சம்.
மூன்றாம் கட்டிலில் யாரோ புதியவர்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
போனை எடுத்துக் குகதாசனுக்கு அனுப்பினேன்:
பாஸ்.

ஒற்றை டிக் விழுந்தது.