தைமன்பூரோவில் கணக்கெடுப்பு

வாளியின் அடியை அறுத்துக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது.
நீரில் அமிழ்த்தி
முகத்தை அதற்குள் கவிழ்த்தால்
ஓடை பேச்சை நிறுத்திவிடும்.
அடி தெரியும்.
தெரிய வேண்டும்.

ஜூலை. பின்லாந்தின் வடகிழக்கில்
இரவு பதினொரு மணிக்கும் வெயில்
கிளையிடுக்கில் நின்று வேடிக்கை பார்க்கிற மாதம்.
ரப்பர் உடுப்புக்குள் தொடைவரை குளிர்.
கொசுக்களுக்கு நான்தான் ஒரே சோறு.

முதல் வளைவில் நாற்பத்திரண்டு.
பாறையருகே பதினேழு.
முத்துச்சிப்பிகள்.
ஒற்றைக் காலைச் சரளைக்குள் ஊன்றி
வருகிற நீரைக் குடித்து, வடித்து, விடுகின்றன,
ஆளுக்கு ஒரு நாளில் ஐம்பது லிட்டர்,
கூலி கேட்காமல்.
இவற்றில் சில
இந்த நாடு தனிநாடாகுமுன்னே பிறந்தவை.

எண்ணிக்கையில் குறையில்லை.
நான் தேடுவது சின்னதை.
சுண்டுவிரல் நகமளவு ஒன்று.
ஓர் அரிசியளவு ஒன்று.

தைமன் என்றால் ட்ரவுட் மீன்.
சிப்பிக் குஞ்சு அதன் செவுளில்
ஒரு குளிர்காலம் ஒண்டுக்குடித்தனம் இருக்கும்.
பிறகு உதிர்ந்து சரளைக்குள் இறங்கி
ஐந்தாறு வருஷம் இருட்டில் வளரும்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
நீர் நுழைய ஒரு சந்து போதும்.
விரலை விட்டுப் பார்க்கிறேன்.
சந்து இல்லை. கூழ்.
ஆறிப் பாடை படிந்த கூழ்.

மேலே எய்னாரியின் காட்டில்
சதுப்பைக் கீறிய வாய்க்கால்கள்
சீப்பின் பற்களாய் நேரே இறங்குகின்றன.
மரம் பருக்க நிலம் காய வேண்டும்,
நிலம் காய நீர் போக வேண்டும்.
போகிற நீர் தனியாகப் போவதில்லை,
மண்ணையும் கைபிடித்துக் கூட்டி வருகிறது.
இருபது வருஷத்துக்கொரு முறை தூர்வாருகிறார்கள்.
தூர்வாருதல் நல்ல சொல் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.

எய்னாரி பிளாஸ்க்கோடு வந்தார்.
ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார்.
"எத்தனை?"
"இருநூற்று ஆறு."
"நல்லதுதானே."
"ஆக இளையதுக்கு முப்பத்தெட்டு வயது."

கணக்கில் புலி அவர்.
கனமீட்டர், விலை, வட்டி எல்லாம் விரல்நுனியில்.
உதடு மட்டும் அசைந்தது.
காப்பி ஆறியது.

"அந்த வருஷம்தான் தோண்டும் இயந்திரம் வந்தது.
பாதிச் செலவு அரசாங்கத்துடையது.
மேட்டுத் துண்டில் மரம் விற்ற காசில்
வீட்டுக்குள் குழாய் போட்டோம்.
அதுவரை லெம்பி இங்கிருந்துதான் தூக்கினாள்.
காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு.
ஜனவரியில் கோடரியால் பனியை உடைத்து.
குழாய் திறந்த அன்று
மூடவே விடவில்லை அவள்.
அரை மணி நேரம்
கையை நீட்டிக்கொண்டு நின்றாள்."

எனக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது.
அலுவலகம் அச்சடித்துத் தந்த தாள் ஒன்றும் இருந்தது.
தாள் பையிலேயே நனைந்தது.

கரையில் மிச்சமிருந்த ஸ்ப்ரூஸ்களில்
நீல நாடா கட்டியிருந்தார்கள்.
தண்ணீரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி.
அதற்கப்பால் நிற்பதெல்லாம்
நிலம் உறைந்ததும் விழும்.

"எவ்வளவு விட வேண்டும்?"
"முப்பது."
சிரித்தார், பல் தெரியாமல்.
நாடாவை அவிழ்த்து
முழங்கையில் சுற்றிக்கொண்டு நடந்தார்,
வாய்விட்டு எண்ணியபடி,
ப்ளூபெரிச் செடிகளை மிதிக்காமல்.
பதினொன்று வரை காதில் விழுந்தது.
அப்புறம் பிர்ச் இலைகளின் சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை.
இன்னும் இரண்டு வளைவு பாக்கி.
வாளியை அமிழ்த்தினேன்.
என் நிழல் பட்டு
நூறு வயசிருக்கும் ஒரு கிழம்
வாயை இறுக மூடியது.
திறக்கட்டும் என்று நின்றேன்.
தேநீர் நிறத்தில் தண்ணீர்
எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனது.
எவ்வளவு நேரமோ.
கால் மரத்துவிட்டது.