கரடி போட்ட விரிப்பு

செவ்வாய்க்கிழமை அவன் கம்பியைத் தாண்டினான்.
சத்தம் கேட்டு ஓடினால்
தண்ணீர் வாளிக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால்.
அழுகை இல்லை.
பஸ்ஸிலிருந்து இறங்கியவனின் அலட்சியம் முகத்தில்.

அந்த வாரமே தச்சர் குணரத்தினத்திடம் சொல்லி
காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கில் ஒரு கட்டில்.
"விழுந்தாலும் ஒரு சாண்தாம்மா" என்றார்.
ஒரு சாண் எவ்வளவு உயரம் என்று
படுக்கையில் விரலை விரித்து விரித்துப் பார்த்தேன்.

மெத்தைக்குத்தான் கோத்தகிரி முழுக்க நடந்தோம்.
இலவம்பஞ்சு வேண்டாம்:
ஆடியில் மூன்று வாரம் வெயில் எட்டிப்பார்க்காத ஊரில்
கட்டி கட்டியாய்ப் பிடித்துக்கொண்டு
நனைந்த நாய் மாதிரி மணக்கும்.
வெறும் ஸ்பாஞ்சும் வேண்டாம்,
அடியில் பூஞ்சை பூப்பதை மேல்துணி சொல்லாது.
நார் மெத்தைதான் இந்த ஈரத்துக்கு என்றார் கடைக்காரர் ஹபீப்.
நார் குத்தும் என்றார் இவர்,
பத்து வயதுவரை சாக்கில் படுத்தவர்.
கடைசியில் நார் கீழே, இரண்டு விரற்கடை ஸ்பாஞ்சு மேலே.
பேரம் முடியுமுன்
நிதர்சன் செருப்போடு அதில் ஏறிக் குதித்துவிட்டான்.
விலை அங்கேயே நின்றுவிட்டது.

தலையணை ஒன்றை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
நாலாய் மடித்த பருத்திச் சேலை போதும்.

போர்வை.
குளிருக்குக் கனமாய் வாங்கு என்கிறது லைன் மொத்தமும்.
லேசாய்ப் போடுங்க, மூச்சு முட்டும் என்கிறாள் நர்ஸ் பிலோமினா.
ஒவ்வொன்றையும் என் முகத்தின்மேல் இழுத்துப் போட்டு
உள்ளேயிருந்து ஐம்பது எண்ணினேன்.
கடைப்பையன் சிரித்தான்.
நீலத்தில் ஒன்று. அதற்குள் மூச்சு வந்து போனது.
அதையே கட்டச் சொன்னேன்.

விரிப்பில் யானை இருந்தது, ரயில் இருந்தது.
அவன் பிடித்த பிடி கரடி.
கழுத்தில் ரிப்பன், கையில் பலூன்,
வரிசை வரிசையாய்ச் சிரிக்கிற கரடி.

போன வாரம்தான் ஒன்று
மேட்டுக் கோயில் கதவைப் பிய்த்து
விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துப் போனது.
அதற்கு முன்னால் பேக்கரியில் வர்க்கி டின்.
ஆறு மணிக்கு மேல் குப்பை கொட்டக்கூட
இரண்டு பேராய்த்தான் போகிறோம்.
அதைப் போய் பிள்ளைக்குக் கீழே விரிப்பதா?
"யானை பாரு தங்கம், எவ்வளவு அழகு."
"யானை மட்டும் என்ன, நம்ம மாமனா?" என்றார் இவர்.
கரடியே வந்தது.

முதல் ராத்திரி.
சுவரோரம் கட்டில், விழுகிற பக்கம் தரையில்
எஸ்டேட் கொடுத்த கம்பளி, இரண்டாய் மடித்து.
மூலையில் பழைய கம்பிக்கட்டில்,
மேல்கம்பியில் அவன் பல் சுரண்டிய வெள்ளைப் பெயிண்ட்.
ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டு ரேணுகா எடுத்துப்போவாள்,
அவளுக்கு ஏழு மாசம்.
அந்தக் கம்பி இருந்தவரை
நான் தூங்கியிருக்கிறேன்.

தகரத்தில் பனி சொட்டியது.
தேயிலைக்குள் எங்கோ
நாய்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் குரைத்தன.
இரண்டு மணி இருக்கும்.
சிமெண்டுத் தரையில் வெறுங்கால்.
அதன் பின்னாலேயே எதையோ இழுக்கிற சத்தம்.
என் காதருகே வந்து நின்று
"அம்மா, கரடி" என்றது.
டார்ச் எங்கே, அரிவாள் எங்கே என்று கை துழாவ,
"கரடிக்குக் குளிருது."

மெத்தையிலிருந்து விரிப்பு முழுக்க உருவிக்கொண்டு வந்திருந்தான்.
நீலப் போர்வையைத் தொடவே இல்லை.

நடுவில் அவனும் இருபத்துநாலு கரடிகளும்.
இவர் விளிம்புக்குப் போனார்,
பிறகு விளிம்பிலிருந்தும் போனார்.

விடிந்து தேநீர் வைக்க எழுந்தபோது
சின்னக் கட்டிலில் முழங்காலை மடக்கி,
நீலப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு
அயர்ந்து தூங்கினார்.
நார் குத்தவில்லை போலும்.