ஒற்றுப்பிழை

தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வரும்,
காலையில் நான் ஊற்றியது
ஒரு வாய்கூடக் குறையாமல்.
கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன்,
அடித்தும் பார்த்தேன் ஒருநாள்.
ஆண்கள் கழிவறைக்குப் போகாமலிருக்கத்தான் என்று
யார் சொன்னார்கள் எனக்கு?

காய்ச்சல் கண்டு ஆயர் ஈத்தாம் கிளினிக்கில்
சிறுநீரில் கிருமி என்றார்கள்.
மலாய்க்கார டாக்டர் என்னைக் கேட்டார்:
டியா தண்ணீர் குடிப்பதில்லையா,
டியாவுக்கு எங்கே வலி,
டியா பள்ளியில் எப்படி?
அவனுமில்லை அவளுமில்லை அந்தச் சொல்லில்.
சுருண்டு கிடந்த பிள்ளை
அதற்கு மட்டும் தலை நிமிர்த்திப் பார்த்தது.
நான் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
முடிவெட்டும் கடையில்
நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் நகம் முறிந்தது.
ஆம்பளப் பிள்ளை அழலாமா என்றார் கடைக்காரர்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைக்க.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு கீறலை
மைக்ரோஸ்கோப்பில் கண்டுபிடிக்கிறவள் நான்.
சனிக்கிழமை விடியலில் வந்து
காலுறை கழற்றாமல்
மேசையில் கிடந்த பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன்.

தன்மையில் உள்ளதைப் படர்க்கையில் எழுதுக.
நான் எழுந்தேன்.
தவா எழுந்தா.
நான் பல் துலக்கினேன்.
தவா பல் துலக்கினா.
தவா பசியாறினா.
தவா பஸ்ஸுக்குக் காத்திருந்தா.
பத்து வாக்கியம். பத்திலும் ஒரே குறை.
குணவதி டீச்சர் சிவப்பு மையில்
ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'ன்' ஒட்டியிருந்தார்.
அடியில்: ஒற்றுப்பிழை. கவனம் தேவை, தவனேசன்.

ஒன்பது வயது.
சொல்வதெழுதலில் ஒரு புள்ளி விடாத பிள்ளை.

என்னவோ தோன்றி வாய்விட்டுப் படித்தேன்,
வீட்டில் பேசுகிற மாதிரி,
மாடி வீட்டு அமலியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.
அமலி வந்தா.
அமலி பசியாறினா.
தவா எழுந்தா.

எதுவும் விடுபடவில்லை.

இன்னொரு முறை படித்தேன், மெதுவாக.
அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.
இடுக்கில் ஒரு கண்,
இமைக்காமல்.

சமையலறையிலிருந்து இவர் கேட்டார்:
"தவா எழுந்தானா?"

பொய் சொல்ல வரவில்லை.
நிஜம் சொல்லவும் நாக்கு புரளவில்லை.
கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டே
"எழுந்தாச்சு" என்றேன்.

இன்றைக்கு
அவ்வளவுதான் முடிந்தது.