ஆறு புள்ளி

கடைசித் தாள் உயிரியல்.
மண்டபத்து விசிறிகளில் ஒன்று மட்டும்
டக் டக்கென்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
பக்கத்தைத் திருப்பினேன். நான்காம் கேள்வி.
அவரை விதை மாதிரி ஒரு படம்,
பக்கத்தில் ஒரு பெட்டி, குழாய்கள், அம்புக்குறிகள்.

மலாயில் அதற்குப் பெயர் புவா பிங்காங்.
இடுப்பில் காய்த்த பழம்.
எங்கள் வீட்டு மரத்தில்
இரண்டு பழமும் ஒன்றாக வெம்பி
நாலு வருஷம் ஆகிறது.

இரத்தம் எந்தப் பக்கம் போகும்,
கழுவுநீர் எந்தப் பக்கம் வரும்,
இரண்டும் ஏன் எதிரெதிராக ஓடவேண்டும்?
காரணத்தோடு விளக்குக. ஆறு புள்ளி.

விளக்கினேன்.
கொடுத்த கோடுகள் போதாமல்
ஓரத்தில் ஏறி எழுதினேன்.
எழுதாமல் விட்டது:
முதல் ஊசி தப்பினால் அப்பா
சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்.
நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர் என்பதால்
ஐஸ் கட்டியை வாயில் உருட்டி
மிட்டாய் என்று கண்ணடிப்பார்.
பிறை துறைமுகத்தில்
நாற்பதடி கண்டெய்னரை ஒரே வெட்டில்
பின்னுக்கு எடுத்த மனுஷர்,
நாற்காலியிலிருந்து எழ என் தோளைத் தேடுவார்.
இதற்கெல்லாம் புள்ளி கிடையாது.

பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன். பதினொரு வருஷம், அவ்வளவுதான்.

வெளியே தூறல்.
ஹுய் ஷான் மார்க்கர் கொண்டுவந்திருந்தாள்.
என் வெள்ளைச் சட்டையில் எல்லாரும் எழுதினார்கள்.
சித்தி ஹஜார் ஒரு பூனை வரைந்தாள்.
கீர்த்திராஜ் ஃபோன் நம்பரை எழுதினான்,
காலருக்குப் பின்னால்,
நான் படிக்கவே முடியாத இடத்தில்.
பிறகு ஃபெர்ரி ஏறித் தீவுக்குப் போய்விட்டார்கள்,
படம் பார்க்க.
மார்க்கர் என் கையிலேயே தங்கிவிட்டது.

எனக்கு அன்று வியாழன்.
செவ்வாய், வியாழன், சனி.
எங்கள் வாரத்தில் அந்த மூன்று நாளுக்கும்
ஊசித் துளை உண்டு.

பட்டர்வொர்த், கடைவீட்டு மாடி, மூன்றாம் நாற்காலி.
"பசியாறிட்டியா?"
முதல் கேள்வி எப்போதும் அதுதான்.
அப்புறம், "எப்படிம்மா?"
"உங்களத்தான் கேட்டிருந்தாங்கப்பா."
"என்னையா?"
காற்றில் படம் வரைந்து காட்டினேன்.
"எவ்ளோ?"
"ஆறு புள்ளி."
அப்பா சிரித்த சிரிப்பில்
இயந்திரம் மிரண்டு கூவியது. தாதி ஓடி வந்தாள்.
"நாலு வருஷமா குத்து வாங்குறேன்,
வெறும் ஆறா? பத்தாச்சும் குடுக்கச் சொல்லு."

நன்றி.
எதற்கு என்று யோசிக்கிறேன்.
நோய்க்குச் சொல்லமாட்டேன்,
அவ்வளவு நல்லவள் இல்லை நான்.
ஆனால் விளக்கு அணையாத இந்த அறைக்கு.
கட்டணத்தில் பாதியை யாரோ கட்டுகிறார்கள்,
ரசீதில் பெயர் இருக்கவேண்டிய
அந்த வெற்றுக் கோட்டுக்கு.
தூங்குவதுபோல் நடித்து
மடக்கு மேசையை எனக்கு விட்டுக்கொடுத்த லிம் அங்கிளுக்கு.
ஜூனிலிருந்து நான்காம் நாற்காலியில்
வேறு ஒருவர் இருக்கிறார். நிஜமாகவே தூங்குகிறார்.
தொழிற்சாலை பஸ்ஸில்
நின்றுகொண்டே உறங்கக் கற்ற அம்மாவுக்கு.

நாளை முதல் பெட்ரோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
முடிவு வர மாதங்கள் ஆகும்.
படிவம் ஆறா, மெட்ரிகுலேசனா,
இரண்டும் இல்லையா, தெரியாது.
தெரியாமல் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்
ஒரு புதன்கிழமை இருக்கிறது,
அதில் மீன் கறி வைக்கலாம், சண்டை போடலாம்,
பாட்டுக் கேட்கலாம் என்று கண்டுபிடித்த வீடு எங்களுடையது.

"அந்த மார்க்கரைக் குடு" என்றார்.
இடக்கை நரம்பு போன வருஷம் அடைத்துக்கொண்டது.
இப்போது வலக்கையில் குழாய்.
பழகாத இடக்கையால்,
தோளிலிருந்து கீழ்நோக்கி, என் சட்டைக் கையில்
ஒவ்வோர் எழுத்தாக இறக்கினார்.
கு. ண. சீ. ல.
ன வரும்போது துணி தீர்ந்துவிட்டது.
கொஞ்சம் யோசித்து,
அதன் புள்ளியை என் தோலில் வைத்தார்.

கூசியது.
ஏழு, என்றேன்.