இரண்டு மில்லிமீட்டர்

இஸ்மத் தராசைத் தொடவில்லை.
கோணியை உதறி நான்கு ஷாக் அப்சார்பரையும் தரையில் உருட்டினான்.
"உள்ள காத்து இருக்குக்கா. எறக்கிட்டு எடுத்தா."

புதுப்பேட்டை மதியம்.
ஒரு சுவர் முழுக்கக் கார்க் கதவுகள்.
ஸ்டியரிங்குகள் தார் தாராய்த் தொங்கும் சந்து.
அவன் இடது கண்ணைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை.
காற்று இறக்காத ஒன்றை எவனோ
இரும்போடு இரும்பாய்த் தள்ளிவிட்டுப் போக,
கேஸ் கட்டர் சூட்டில் அது
ஒரே ஒரு தரம் பேசியது.

அயனாவரத்துக்குத் திரும்பினேன்.
பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கி
முதலாவதை வைஸில் இறுக்கினேன்.
கம்பி முழுக்க வெளியே நீண்டிருக்க,
கண்ணாடி போட்டு, ஈரச் சாக்கு போர்த்தி,
முகத்தை விலக்கிக்கொண்டு
அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே
மெல்ல, மெல்ல டிரில்.

சோடா உடைப்பதுபோல் வரும் என்று நினைத்தேன்.
தூங்கும் பிள்ளை புரண்டு படுக்கும் அளவுக்கு ஒரு ஸ்ஸ்.
லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர்.
மெட்ரோவுக்குத் தோண்டிய அத்தனை பள்ளமும்.
ஏர்போர்ட் சவாரிகளின் மடியில் காப்பி சிந்தாமல்
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவை இவை.
வெளியேறியது வெறும் நைட்ரஜன்,
தெருவில் ஏற்கெனவே நிறைய இருப்பதுதான்.

பிறகு எண்ணெய்.
டிகாஷன் நிறம், கருகிய வாடை.
பின்பக்கச் சாக்கடையை நோக்கிக் கால் தானாக நடந்தது.
பதினோரு வருஷப் பழக்கம்.
சாக்கடை ஓட்டேரி நல்லாவுக்கு,
நல்லா கால்வாய்க்கு, கால்வாய் எங்கேயோ
என்றுதான் இருந்தேன்,
மிக்ஜாம் அன்று அது முகவரி விசாரித்துத்
திரும்பி வரும்வரை.
முழங்கால் தண்ணீர்மேல் வானவில் போட்டுக்கொண்டு
அரிசி டப்பாவின் மூடிவரை ஏறி
"நான்தான்" என்றது.

நின்றேன்.
காலி ரீஃபைண்ட் ஆயில் கேனில் வடித்தேன்.
மார்க்கரில் எழுதினேன்: இது அது இல்லை.
கழிவு எண்ணெய் வண்டி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும்.
வராவிட்டால் போன் பண்ண வேண்டும்.

சாயங்காலம் இஸ்மத்
ஒவ்வொரு ஓட்டையையும் வலது கண்ணருகே வைத்துப் பார்த்தான்.
தலையாட்டினான்.
பதினான்கு கிலோ இருந்தது பதிமூன்று சொச்சம்.
"எண்ணெய் வெயிட்டு போச்சே" என்று சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிப் போட்டான்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ.
அதன் ஷாக் செத்து ஒரு வருஷமாவது இருக்கும்.
டவுட்டன் வரை
எல்லாப் பள்ளத்தையும் நானே வாங்கிக்கொண்டேன்.